பிரபு கூப்பிட்ட பெயர்கள்

சிவமணி சூப் கிண்ணத்தை மேசையில் வைத்தான். பிரபு கரண்டியைக்கூடத் தொடவில்லை. காலையிலிருந்து காய்ச்சல். மற்ற நாளென்றால் கரண்டியால் குவளையைத் தட்டித்தான் எதையும் கேட்பார். வேலைக்கு வந்து ஒரு குளிர்காலம் கழிந்துவிட்டது. கிழவர் ஒருநாளும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வெள்ளைக்காரத் திமிர் என்றுதான் முதலில் நினைத்திருந்தான்.

வென்ட்கோம்ப் பிரபு என்றால் ஒருகாலத்தில் இங்கிலாந்தில் மூன்று கிராமங்கள் தொப்பியைக் கழற்றுமாம். அவர் வளர்த்த பந்தயக் குதிரைகளை வாங்கக் கடல் கடந்து ஆள் வந்ததாம். வரியும் வழக்குமாக நிலம் கைவிட்டுப் போக, பிரெஞ்சு மனைவியின் வீடு மட்டும் மிஞ்சியது. பிரெஞ்சுத் தலைநகரில், லா ஷப்பேல் ரயில் தண்டவாளங்களைப் பார்த்தபடி நாலாம் மாடியில் இரண்டு அறைகள். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் புதுச்சேரி மர்கரீத்தான், ஆங்கிலம் தெரிந்த ஆள் வேண்டுமென்று சிவமணியைக் கொண்டுவந்து விட்டாள். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராமல் எண்பத்தாறாம் ஆண்டு முழுவதையும் தள்ளியவனுக்கு இந்த வேலையை விட்டால் வேறு போக்கில்லை.

போன கிழமைதான் கிழவர் பெயர் சொல்லாததன் காரணத்தைச் சொன்னார், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே. இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய காலம், தீவனம் இல்லை. வயதான பெட்டைக் குதிரைகளைச் சுட்டுவிட முடிவாயிற்று.

"நான் வேலியோரம் நின்று மேரிகோல்ட், டச்சஸ் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். முன்னால் போனது விழுந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டே அடுத்தது வந்தது. ஒன்றுகூட மிரளவில்லை. வளர்ப்பு என்றால் அதுதான்."

சிவமணி வெண்ணெய்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினான்.

"பிறகு ஒருதரம், உள்ளே நோயாகக் கிடந்த மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். எழுந்து வந்தாள். இந்த வாசலில் விழுந்து செத்தாள். அதோடு பெயர் சொல்வதை விட்டுவிட்டேன்."

அந்தக் குரலில் வருத்தமில்லை. அன்றிரவு அறைக்குப் போன பிறகும் சிவமணியை உறுத்தியது அதுதான்.

இப்போது பிரபு நாற்காலியில் நிமிர்ந்து, திறந்திருந்த வாசலைப் பார்த்தார்.

"மேரிகோல்ட்," என்றார் மெல்ல. சற்றுப் பொறுத்து, "டச்சஸ்."

கீழே மரப்படி முனகியது. பாரமான ஏதோ ஒன்று அவசரமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னொன்று. வெளியே நல்ல வெயில். தண்டவாளத்தில் சரக்கு வண்டி ஒன்று பெட்டி மாற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தமாக இருக்கும் என்று சிவமணி தன்னைத் தேற்றிக்கொண்டான். ஆனால் அறைக்குள் நனைந்த ரோமத்தின் வாடை வந்துவிட்டது.

ஏறி வந்தவள் மர்கரீத்.

"என்னா தம்பி, என்னத்த இழுக்கிறீங்க? எஸ்கலியே, படிக்கட்டு பூரா அதிருது."

"நானொண்டும் இழுக்கேல்லை அக்கா. படியிலை ஆரும் வந்தவையோ?"

"யாரும் இல்லியே."

அப்போதுதான் நாற்காலிப் பக்கமிருந்து அந்தக் குரல் கேட்டது. "சிவமணி."

இங்கிலீஷ் நாக்கில் நசுங்காமல், ணகரம் பிசகாமல், அவனுடைய வீட்டில் கூப்பிடுவதுபோலவே இருந்தது. அவன் உடம்பில் இனம் தெரியாத ஒரு சந்தோசம் பரவியது. கடிதமும் இல்லாமல் காசும் இல்லாமல் அலைந்த இத்தனை மாதத்தில் அவனை யாரும் அப்படித் தேடியதில்லை. கால்கள் தாமாகவே நாற்காலியை நோக்கி நகர்ந்தன.

மர்கரீத் அவன் கையைப் பிடித்தாள்.

"விடுங்கோ அக்கா. கூப்பிடுறார்."

"யாரு கூப்பிட்டா? மிசியே கண்ண பாருங்க."

கிழவரின் கண்கள் வாசலில் நிலைகுத்தியிருந்தன. மர்கரீத் போய் மணிக்கட்டைத் தொட்டாள். சட்டென்று கையை எடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"சில்லுன்னு கெடக்கு தம்பி. எப்பவோ போயிட்டாரு."

சூப்பில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவள் அவனைப் பலவந்தமாக இழுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். வைத்தியர் வந்தார், பிறகு வண்டி வந்தது. அவன் மறுபடி மேலே போகவில்லை. தன்னைப் பயமுறுத்தியது அந்தக் குரலா, அதைக் கேட்டதும் வந்த சந்தோசமா என்று அவனுக்கே விளங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் மெத்ரோ பாலத்தின் கீழே, தமிழ்க் கடைகள் இருந்த பக்கமாக நடந்துகொண்டிருந்தான். பின்னாலிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கடைக்கார இராஜேந்திரன் அண்ணையாகவும் இருக்கலாம். சிவமணி திரும்பவில்லை, நடையை மட்டும் எட்டிப் போட்டான். எதிரே பைகளோடு வந்த பெண்கள் அவனுக்குப் பின்னால் எதையோ பார்த்து, பேச்சை நிறுத்தாமலே நடைபாதையை விட்டு இறங்கினார்கள். ஒரு மனிதனுக்குத் தேவையானதைவிட மிக அகலமாக வழி விட்டார்கள்.