துடிப்பு அடங்கும்வரை

கரிமீன் துடித்துக்கொண்டிருக்கும்வரை திரிபுரசுந்தரி கத்தியை எடுக்க மாட்டாள். பீங்கான் தட்டில் மீனைக் கிடத்தி, மேலே ஈரத்துணியைப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் நிற்பாள். துணிக்குக் கீழே வால் அடிக்கும் சத்தம் ஓய இருபது நிமிஷம் ஆகும். சில நாள் அரைமணியும் ஆகும். பிறகு வந்து முதுகுத் தசையில் ஒரு துண்டு அறுத்து, ஐஸில் வைத்திருந்த அமிலத்தில் போட்டு அரைப்பாள்.

அவள் வீட்டில் மீன் என்ற சொல்லையே யாரும் உரக்கச் சொன்னதில்லை. பி.எஸ்ஸி. ரசாயனம் முடித்து இரண்டு வருஷம் சும்மா இருந்தபின், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்துமூன்றில், மட்டாஞ்சேரியில் மீனை உறையவைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில்தான் வேலை கிடைத்தது. கண்ணாடிக் குழாய்களோடு உள்ள வேலை என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாள். அது பொய்யில்லை.

மீன் எவ்வளவு புதியது என்று பார்ப்பதுதான் வேலை. சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் ஆற்றலை உயிரணு ஒரு மூலக்கூறில் சேமித்து வைக்கிறது. மூன்று பாஸ்பேட்டுகள் வரிசையாகக் கோத்த மூலக்கூறு. தசை சுருங்க வேண்டுமானால் கடைசி பாஸ்பேட்டு தண்ணீரோடு வினைபட்டுக் கழன்றுகொள்ளும். அப்போது வெளிப்படும் ஆற்றலில்தான் வால் அசைகிறது, செவுள் விரிகிறது. கழன்றதை உயிருள்ள உடம்பு மறுபடி கோத்துக்கொள்ளும். செத்தபின் அது நின்றுவிடும், இருப்பு குறைந்துகொண்டே போகும். அரைத்ததை வடிகட்டி, ஏற்கெனவே கழன்று கிடக்கும் பாஸ்பேட்டை நீக்கிவிட்டு, அமிலத்தோடு ஏழு நிமிஷம் கொதிக்கவைத்து, அதில் புதிதாக உதிரும் பாஸ்பேட்டோடு மாலிப்டேட்டும் மற்றதும் சேர்த்தால் நீலம் வரும். நீலம் அடர்த்தியாக இருந்தால் மீன் புதியது.

கும்பளங்கியிலிருந்து வள்ளத்தில் உயிர்மீன் கொண்டுவரும் அப்புவின் குழாய் மூன்று வாரமாக வெளிறிக் கிடந்தது. ஐஸில் போட்டுக் கொண்டுவந்த மற்றவர்களின் செத்த மீனோ நல்ல நீலம் காட்டியது.

“மேலே நாலு உசிருள்ளதைப் போட்டுண்டு, அடியிலே முந்தாநாள் மீனாக்கும் கொண்டுவரான்,” என்றார் சோதனைச்சாலைத் தலைவர் சிவராமகிருஷ்ணன். “நீ எடுத்தது அடியிலேர்ந்துதானே?”

திரிபுரசுந்தரி தலையை அசைத்தாள். எப்படி அசைத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். அன்றே மீன் வாங்குகிறவர்கள் பட்டியலிலிருந்து அப்புவின் பெயரை அடித்துவிட்டார்கள்.

மறுநாள் காலை அப்பு கேட்டில் நின்றிருந்தார். அறுபது வயதிருக்கும்.

“மோளே, நீயாக்கும் பரிசோதிக்கிறதுன்னு காவல்காரன் பறஞ்சான். எண்டெ மீன் செத்ததா? நீ கண்டதில்லையா? வாலடிச்சு உன் புடவையில வெள்ளம் தெறிச்சதில்லையா?”

“தெறிச்சது,” என்றாள். அவருக்குக் கேட்கவில்லை.

“ஐஸ் மீனை உசிர்மீன்னு வித்தவன்னு, வள்ளம் கட்டற ஜெட்டியில அதுக்குள்ள எல்லாரும் ஐஸ் அப்புன்னு விளிக்கிறாங்க. நாப்பது வர்ஷமா துடுப்பு பிடிச்சு வள்ளம் துழையறேன்.”

அவள் உள்ளே போய்விட்டாள். மத்தியானம் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் உறைத்தது. செத்து வந்த மீனை எல்லாம் அவள் உடனே அறுத்திருக்கிறாள். உயிரோடு வந்ததற்குத்தான் காத்திருந்தாள். மூச்சுக்கு வழியில்லாமல், கழன்றதை மறுபடி கோக்க முடியாமல், துணிக்கடியில் அந்த மீன் இருந்ததையெல்லாம் செலவழித்து முடிக்கட்டும் என்று நின்றிருந்தாள். இதைப் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி மார்க் வாங்கியவள் அவள்.

அடுத்த நாள் படகுத்துறைக்குப் போய் அப்புவிடமே இரண்டு கரிமீன் வாங்கி, வாளித் தண்ணீரில் நீந்தவிட்டுக் கொண்டுவந்தாள். முதல் மீனை வெளியே எடுத்ததும் தலைக்குப் பின்னால் ஒரே வெட்டாக வெட்டினாள். கட்டைவிரலும் சேர்ந்து கிழிந்தது. இரண்டாவது மீனைத் துணியால் மூடினாள். இந்தத் தடவை ஜன்னலுக்குப் போகாமல் பக்கத்திலேயே நின்றாள். இருபத்தாறு நிமிஷம்.

ஒரு குழாய் மையைப் போல இருந்தது. இன்னொன்று, துணிக்கு நீலம் போட்டு அலசிய கடைசித் தண்ணீர்.

“ரெண்டும் ஒரே வள்ளத்துதா?” என்றார் சிவராமகிருஷ்ணன்.

“ஆமா சார். இது உடனே அறுத்தது. இது நான் காத்துண்டிருந்தது.”

“எதுக்காக்கும் காத்துண்டிருந்தே?”

“துடிச்சுது.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அவனோட மீன் எல்லாத்துக்கும் இப்படியா?”

“எல்லாத்துக்கும்.”

“அன்னிக்கு என்கிட்டே தலையாட்டினியே, குழந்தே.”

அவர் பட்டியலை இழுத்து அப்புவின் பெயரைத் திரும்ப எழுதினார். “நாளைலேர்ந்து வரச்சொல்லி ஆளனுப்பறேன். காரணம் ஒண்ணும் சொல்லவேண்டாம். உன் பேர் வெளியே வராது.”

அது போதும் என்றுதான் முதலில் நினைத்தாள். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும் வழியில் கால் படகுத்துறைப் பக்கம் திரும்பியது.

அப்பு வள்ளத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை கயிற்றைக் கையிலேயே வைத்திருந்தார்.

“துடிச்சா தலையில ஒரு தட்டு தட்டினா தீர்ந்துச்சே, மோளே. நாங்க அப்படித்தானே செய்யறது. அரைமணி நேரம் மூடிப்போட்டு வைப்பாங்களா யாராவது?”

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“கம்பெனி மறுபடி மீன் எடுக்கட்டும், நல்லது,” என்றார். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்திருந்த மற்ற வள்ளக்காரர்களைத் தாடையால் காட்டினார். “இவங்ககிட்ட யார் பறையறது?”

அங்கிருந்து ஒருவன், “ஐஸ் அப்பு, அந்தக் குட்டி ஐஸ் வாங்க வந்ததா?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

ஐந்தாறு ஆண்கள். அத்தனை பேரைப் பார்த்து அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவர்கள் பக்கம் திரும்பினாள்.

“அப்புச்சேட்டனோட மீன் உயிரோடதான் வந்தது. நான்தான் கெடுத்தேன்.”

“என்னது? கேக்கலையே,” என்றான் படியில் இருந்தவன்.

அவள் இரண்டு படி ஏறி அவர்கள் பக்கத்தில் போய் நின்று, முதலிலிருந்து சொன்னாள்.