முக்கால் இஞ்ச்

தையல்காரருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பெருமைதான். அவர் தைத்த துணி இதுவரை திரும்பி வந்ததில்லை. அதைக் கடைக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, கேட்பவர்களுக்கே மனப்பாடம் ஆகியிருந்தது. அப்படிப்பட்ட கடைக்கு ஒரு திங்கட்கிழமை, மூன்று சட்டைகள் ஒரே பொட்டலமாகத் திரும்பி வந்து சேர்ந்தன.

அனுப்பியவர் பழைய வாடிக்கையாளர், பள்ளி ஆசிரியர். வேறு ஊருக்குக் குடிபோன பிறகும் வேறு கை தைத்த சட்டையைப் போட மனம் வராமல், அந்த ஊர்க் கடையில் அளவு மட்டும் எடுத்துத் தாளில் எழுதி அனுப்பியிருந்தார். இப்போது சட்டைகளோடு ஒரு சீட்டும் வந்திருந்தது. 'தோள் இறங்குகிறது. கை நீளுகிறது. நான்தான் இளைத்துவிட்டேனோ என்று எடை பார்த்தேன். இல்லை.'

"எந்த அரைகுறை எடுத்த அளவோ" என்று தையல்காரர் சட்டையை மேஜையில் விரித்தார். கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து அளந்தார். தாளில் இருந்த அளவு இம்மி பிசகாமல் இருந்தது. "பாரு, நான் சரியாத்தான் வெட்டியிருக்கேன்" என்றார் மனைவியிடம்.

அவருடைய மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு பொத்தான் டப்பாவின் அடியில் கையை விட்டு, புத்தம் புதிய டேப் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இது எப்ப வந்துச்சு?"

"வந்து ஆறு மாசம் ஆச்சு. கத்தாதீங்க. விளிம்பு மடிக்க ஒவ்வொரு தடவையும் உங்க கழுத்துல கைய வைக்க முடியுமா? ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க."

கத்தாதீங்க என்று அவள் முன்கூட்டியே சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு கடையில் ஒரு டேப்தான் இருக்க வேண்டும் என்பது தையல்காரர் போட்ட சட்டம். இரண்டு டேப் இருந்தால் இரண்டு அளவு வரும், கடை கெட்டுப்போகும் என்பார். பதினைந்து வருடமாக ஒரே டேப். மேஜை வாங்கிய புதிதில், அதன் விளிம்பில் இஞ்சுக்கு ஒன்றாகக் கத்தியால் கீறி வைத்த கோடுகள்கூட அந்த டேப்பை வைத்துப் போட்டவைதான்.

அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். புதிய டேப்பின் அறுபது முடிந்த இடத்தில் பழையது ஐம்பத்தெட்டரைதான் காட்டியது. துணி டேப். இழுத்து இழுத்து அளந்ததில் நீண்டு போயிருந்தது.

முதலில் அவருக்கு வந்த கவலை வாடிக்கையாளர்களைப் பற்றித்தான். அது சீக்கிரமே தீர்ந்தது. ஆளை அளந்ததும் அந்த டேப், துணியை வெட்டியதும் அதே டேப். தப்பு இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருந்ததால் துணி கச்சிதமாகப் பொருந்தியது. அடுத்தவன் எடுத்த அளவு உள்ளே வந்தபோதுதான் குட்டு உடைந்தது. அப்பாடா என்று ஒரு வாய் தண்ணீர் குடித்தார். அடுத்த வாய் குடிக்காமல் சொம்பைக் கீழே வைத்தார். அந்த டேப்பால் துணி தவிர இன்னொன்றையும் அளந்திருக்கிறார் என்பது நினைவுக்கு வந்துவிட்டது.

அவர் அளந்தது ஒரு மீனை. நான்கு வருடத்துக்கு முன்னால் மச்சான் பிடித்த கெண்டை.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். பஸ் ஓட்டுகிறவர். ஊரை ஒட்டிய நன்னீர் ஏரியில் ஒரு சின்னத் துடுப்புப் படகு வைத்திருந்தார். கல்யாணமான முதல் வாரத்திலிருந்து ஞாயிறு தவறாமல் இருவரும் அந்தப் படகில்தான் கிடப்பார்கள். பாதி நாள் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். அதில் இருவருக்கும் எந்த வருத்தமும் இருந்ததில்லை.

ஏரிக்கரைக் குடிசையில் ஒரு பலகை உண்டு. அதுவரை பிடித்ததில் பெரிய மீனின் நீளமும் பிடித்தவர் யார் என்பதும் அதில் எழுதியிருக்கும். அப்போது ஐஸ் கடைக்காரரின் முப்பத்தொரு இஞ்ச் கெண்டைதான் பலகையில் இருந்தது. மச்சான் அன்று பிடித்ததைப் பார்த்ததும் கரையில் இருந்த எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். ஏரிக் காவலாளியின் இரும்பு அளவுகோலை அந்த வாரம் யாரோ தொலைத்திருந்தார்கள். நம்ம தையல்காரர் இருக்கும்போது கோல் எதற்கு என்றார்கள். அவர் குனிந்து அளந்தார். "முப்பதரை. அரை இஞ்ச் குறையுது" என்றார். மச்சான் நம்பாமல், "இன்னொரு தடவ அளந்து பாரு" என்றார். "நான் அளந்தா அளந்ததுதான்" என்று தையல்காரர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து மச்சான் தையல்காரரின் வீட்டு வாசப்படி மிதிக்கவில்லை. தையல்காரர் ஏரிப் பக்கம் போகவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டவள் மனைவிதான். புதன்கிழமை தோறும் அண்ணனின் பஸ்ஸில் ஏறி, 'ஓட்டுநரிடம் பேசாதீர்கள்' என்ற எழுத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு, போக முக்கால் மணி வர முக்கால் மணி பேசிவிட்டு வருவாள். இறங்க வேண்டிய இடம் என்று அவளுக்கு ஒன்றும் கிடையாது.

இரண்டு நாள் தையல்காரர் தன்னையே சமாதானப்படுத்திப் பார்த்தார். டேப் அப்புறம்தான் நீண்டிருக்கும், நான்கு வருடத்துக்கு முன்னால் சரியாகத்தான் இருந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டார். மேஜை விளிம்புக் கீறல்கள் அதற்கும் ஆப்பு வைத்தன. மேஜை வாங்கி ஆறு வருடம். கீறல்கள் பழைய டேப்போடு ஒட்டி நின்றன, புதியதோடு ஒட்டவில்லை. முப்பதரையைப் புதிய டேப்பில் வைத்துப் பார்த்தார். முப்பத்தொன்றேகால். முக்கால் இஞ்ச் வித்தியாசம்.

புதன்கிழமை பஸ்ஸிலிருந்து வந்த மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"அண்ணனுக்கு மாத்தல் வந்துடுச்சு. அடுத்த மாசம் போறாரு. படகையும் வித்துடுவாராம்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "நீங்க ரெண்டு பேரும் இப்படியே இருந்துக்குங்க. நான் இனிமே எந்த பஸ்ல ஏறுறதுன்னு மட்டும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் அழுதிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஞாயிறு விடிந்ததும் தையல்காரர் இரண்டு டேப்பையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏரிக்குப் போனார். தண்ணீர் அசையாமல் கிடந்தது. கோரைகளுக்கு இடையில் ஏதோ ஒரு பறவை முங்கி முங்கி எழுந்தது. இந்த நான்கு வருடமும் இது பத்து நிமிட நடைத் தூரத்திலேயே இருந்திருக்கிறதே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

படகுத்துறையில் கட்டியிருந்த படகில் உட்கார்ந்து மச்சான் தூண்டிலில் புழு கோத்துக்கொண்டிருந்தார். தலை நிறைய நரைத்திருந்தது.

"வாங்க மாப்பிள்ளை" என்றார், பஸ்ஸில் ஏறும் முன்பின் தெரியாதவருக்குக் கொடுக்கும் மரியாதையோடு.

தையல்காரர் துறைப் பலகையில் மண்டியிட்டு இரண்டு டேப்பையும் விரித்தார். திரும்பி வந்த சட்டைகளிலிருந்து மேஜைக் கீறல் வரை ஒன்றுவிடாமல் சொன்னார். "உங்க மீன் முப்பத்தொண்ணேகால் மச்சான். ஐஸ் கடைக்காரரவிடப் பெருசு. காவலாளிகிட்ட நானே சொல்லிப் பலகையில மாத்தி எழுத வைக்கிறேன்."

"எந்தப் பலகையில? போன வருசம் ஐஸ் கடைக்காரர் முப்பத்தாறுல இன்னொண்ணு பிடிச்சிட்டாரு. என் மீனுக்கு இனிமே அங்க இடமில்லை."

தையல்காரர் டேப்பின் நுனியைச் சுருட்டினார். இரண்டு நாளாக மனதில் எழுதிப் பார்த்த பேச்சு முழுக்க அந்தப் பலகையை நம்பித்தான் இருந்தது.

"டேப் ஏமாத்திடுச்சு மச்சான்" என்றார் கடைசியாக.

மச்சான் தூண்டிலைக் கீழே வைத்தார்.

"டேப் மேல எனக்கென்ன கோவம்? டேப்பா என் தங்கச்சியக் கட்டிக்கிட்டிருக்கு? அன்னைக்கு நான் என்ன பெருசா கேட்டேன்? இன்னொரு தடவ அளன்னு கேட்டேன். எவனோ ஒருத்தன் கோட்டுக்கு நாலு தடவ அளப்ப. என் மீனுக்கு ரெண்டாவது தடவ குனிய முடியலையா உனக்கு?"

தையல்காரரிடம் பதில் இருந்தது. நான்கு வருடமாகவே இருந்தது. டேப்பைப் போல அதையும் வேறு எதனோடும் வைத்துப் பார்க்காமல் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார். இப்போது எழுந்து போனால் தப்பித்துவிடலாம். மச்சானும் அடுத்த மாதம் போய்விடுவார். அதோடு எல்லாம் முடிந்துவிடும். முடிந்துவிடும் என்பதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"குனிஞ்சிருக்கலாம்" என்றார். "ஆனா குறையுதுன்னு வந்ததும் எனக்குச் சந்தோசமா இருந்துச்சு மச்சான். அத்தன வருசம் ஒண்ணாத் தூண்டில் போட்டோம். மீன் உனக்கு மாட்டுச்சு. எல்லாரும் உன்னைச் சுத்தி நின்னாங்க. எனக்குப் பொறுக்கல. ரெண்டாவது தடவ அளந்தா எங்க கூடிடுமோன்னு பயந்துட்டேன்."

சொல்லி முடித்ததும் அவருக்கு உடம்பு கூசியது. கண்ணாடி முன்னால் சட்டையில்லாமல் நிற்கும் ஆளைத் தினமும் பார்க்கிறவர் அவர். அவர்கள் ஏன் வயிற்றை எக்கிக்கொள்கிறார்கள் என்று அன்றுதான் புரிந்தது.

மச்சான் விரலில் ஒட்டியிருந்த மண்ணைத் தண்ணீரில் கழுவினார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். "டேப்பக் கழுத்துல போடும்போது உன் மூஞ்சியப் பாத்தேன். மீன் போனா போகுது. நீ என்னைக்காவது வந்து இதச் சொல்லுவேன்னு உக்காந்திருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் இங்கதான் இருந்தேன்."

"நான் வரலையே மச்சான்."

"வரலை."

தையல்காரர் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மச்சான் மூக்கை உறிஞ்சிவிட்டு, பின்பக்கம் கிடந்த கூடையைக் காலால் தள்ளி இடம் செய்தார்.

"ஏறு. இன்னும் மூணு ஞாயித்துக்கிழமைதான் இருக்கு. அதுல ஒண்ண இங்கயே நின்னு அழுது தீத்துடாத."

தையல்காரர் ஏறினார். மச்சான் கயிற்றை அவிழ்த்தார்.