கணக்கு டீச்சரின் தொண்டை

கணக்கு டீச்சர் வாய் திறந்தால் மாடி வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து வாய்ப்பாடு சொல்வார்கள் என்று பள்ளியில் ஒரு கேலி உண்டு. அப்படிப்பட்டவருக்கு, கொரோனாவால் பள்ளி மூடப்பட்டுப் பாடமெல்லாம் திரைக்கு மாறிய பிறகு, குரல் கம்மத் தொடங்கியது.

படுக்கையறையில் இஸ்திரி மேசைமேல் லேப்டாப். திரை முழுக்க, கேமராவை அணைத்த பிள்ளைகளின் கறுப்புக் கட்டங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் கிணற்றில் போட்ட கல்தான். பதில் வராத பழக்கத்தில், சாப்பாடு போடும்போது கணவரிடமும் ஓயாமல் அதையே கேட்பார். "புரிஞ்சுது டீச்சர். உப்புதான் கம்மி," என்பார் அவர்.

ஒருநாள் பின்னம் நடத்தும்போது யாரோ ஒரு பிள்ளையின் மைக் திறந்திருந்தது. "இந்தம்மாவுக்குச் சொல்லிக் குடுக்கவே தெரியல. இதுக்கு நீயே படிச்சுக்கலாம்," என்றது ஓர் ஆண்குரல். சட்டென்று மைக் அணைந்தது. டீச்சர் ஒன்றும் கேட்காதவர்போலப் பாடத்தை முடித்தார். மறுநாள் காலை "குட் மார்னிங்" சொல்ல வாயெடுத்தால் வெறும் காற்றுதான் வந்தது.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "தொண்டையில ஒண்ணும் இல்லம்மா. எதையோ முழுங்கவும் முடியாம துப்பவும் முடியாம வச்சிருக்கீங்க. யார்கிட்டயாவது சொல்லிடுங்க."

பள்ளியே நடுங்கும் தலைமை ஆசிரியைக்குப் போன் செய்து, கிசுகிசுத்த குரலில் எல்லாவற்றையும் கொட்டினார். போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்து, அர்ச்சனைக்குத் தயாரானார்.

"இங்க மட்டும் என்ன வாழுதாம்?" என்றார் தலைமை ஆசிரியை. "மீட்டிங் முடிஞ்சா பாத்ரூம்ல குழாயத் திறந்து விட்டுட்டு அழறேன். நீங்க ரெண்டு நாள் சும்மா இருங்க. அப்புறம் தினம் நாலஞ்சு பிள்ளைங்களுக்குப் போன் போட்டுப் பேசுங்க. பாடம் எங்கயும் ஓடிப் போயிடாது."

முதல் போன், வகுப்பில் 'ரேடியோ' என்று பெயர் வாங்கிய சிறுமிக்கு.

"ஏன் டீச்சர் ரகசியம் பேசறீங்க?"

"தொண்டை சரியில்லம்மா."

"அப்ப நான் பேசறேன், நீங்க கேளுங்க. தம்பிக்குப் பல்லு விழுந்துடுச்சு. அப்புறம்... பின்னம் எனக்குச் சுத்தமாப் புரியல. கேட்டா எல்லாரும் சிரிப்பாங்கன்னு மைக்க அணைச்சுட்டு உக்காந்திருந்தேன்."

டீச்சர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "மத்தவங்களும் அப்படித்தானா?"

"முக்கால்வாசிப் பேரு."

"முக்கால்னா என்னன்னு தெரியுதுல்ல? அதுதான் பின்னம்!" என்றபோது டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. கரகரப்பாக இருந்தாலும் சத்தமான சிரிப்பு.

முழுக்குரல் திரும்பச் சில வாரங்கள் பிடித்தன. மைக்கில் கேட்ட அந்த மனிதரின் சொல் அதன்பிறகும் அவ்வப்போது குத்தும். குத்தினால் தலைமை ஆசிரியைக்கு ஒரு போன் போட்டுவிடுவார்.