நித்தியா வேண்டிக்கொண்ட காய்ச்சல்

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அதற்கு முந்தின திங்களன்று நித்தியாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. மறுநாள் உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளிகள். அவள் அம்மா அமராவதி யாரையும் கேட்கவில்லை. வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டாள்.

மலேசியாவில் ஜெராம் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில், அம்மை என்று எல்லாருக்கும் தெரிய அந்த ஒரு கொத்து போதும். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கவே கூடாது. கல்யாணம் நடத்தும் பேச்சுக்கே இடமில்லை. தள்ளிப்போட்டால் ஆடி குறுக்கே வரும். ஆடி முடிவதற்குள் மாப்பிள்ளை பவனேஷ் வேலைக்காகச் சரவாக் போய்விடுவான்.

“ஆத்தா வந்துருக்கா. கிளினிக்கு, ஊசின்னு போவக்கூடாது” என்றாள் அமராவதி.

“ஆத்தா வந்தா முட்டி வலிக்குமாம்மா? கழண்டு விழுற மாதிரி இருக்கு லா!”

தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த அப்பா ஐயாவு நிமிர்ந்து அமராவதியைப் பார்த்தார். “முட்டியா? ரெண்டாயிரத்து எட்டுல நமக்கு வந்துச்சே, அந்த சிக்குன்குனியாவா? கக்கூசுக்குத் தவழ்ந்து போனோமே. நீ என்னை முந்திக்கிட்டுத் தவழ்ந்தே.”

“புள்ளை முன்னால பேசுற பேச்சா இது?”

அந்த வருஷம் நித்தியா வெளியூரில், அம்பாங் பெச்சாவில், அத்தை வீட்டில் தங்கிப் படித்தாள். அதனால் தப்பியிருந்தாள்.

ஐயாவு காரை எடுத்தார். பள்ளத்துக்குப் பள்ளம் முனகிக்கொண்டே நித்தியா வேண்டினாள்: ‘ஆத்தா, கோவிச்சுக்காதே. வந்தது நீயா இருக்கக்கூடாது. சிக்குன்குனியாவா இருக்கணும்.’ ஒரு வியாதிக்காக இப்படி உருகிய மணப்பெண் உலகத்தில் வேறு யாராவது இருப்பாளா என்று நினைத்ததும், காய்ச்சலிலும் சிரிப்பு வந்தது.

கிளினிக்கில் ரத்தம் எடுத்துக்கொண்டே டாக்டர் விமலா சொன்னார்: “இப்ப மறுபடி தலை தூக்குது. முன்னாடி டவுன் வியாதின்னு நெனச்சோம். தோட்டத்துல உள்ள வரிக்கொசுவும் நல்லாவே பரப்புது. ஒருதடவ வந்தவங்களுக்குப் பெரும்பாலும் திரும்ப வராது. அதான் அம்மா அப்பாவ விட்டுட்டு உன்னப் புடிச்சிருக்கு. வலைக்குள்ளயே படு, அடுத்தவங்களுக்குப் போவாது.”

வியாழனன்று முடிவு வந்தது. சிக்குன்குனியாவேதான். நித்தியா கொசுவலைக்குள்ளேயே குதிக்கப் பார்த்து, “ஐயோ!” என்று விழுந்தாள். அமராவதி ஆத்தாவிடம் மன்னிப்புக் கேட்டு வேப்பிலையை இறக்கினாள். பிறகு வாணலியை ஏற்றிக் கடுகைப் போட்டாள். அது வெடித்த வெடியில் பக்கத்து வீட்டு வேலம்மா ஓடிவந்தாள். “அப்ப கல்யாணம் இருக்கா?”

உடனே நித்தியா பவனேஷைப் போனில் கூப்பிட்டாள். “எனக்கு சிக்குன்குனியா!”

“எனக்கும் திங்கக்கெழமையே காய்ச்சல், நித்தி. ஓவர்டைம் அசதின்னு நெனச்சேன். பந்தக்கால் நட வந்தப்ப உங்க தோட்டத்துக் கொசுவுக்கு நான்தான் விருந்து.”

ஞாயிறன்று இருவருக்கும் காய்ச்சல் விட்டிருந்தது, வலி விடவில்லை. வரவேற்பில் பன்னீரோடு கொசு மருந்தும் தெளித்தார்கள். மணையில் உட்கார முடியாத இருவருக்கும் ஐயர் நாற்காலி போட்டார். கெட்டிமேளம் முழங்க, பவனேஷின் வீங்கிய விரல்கள் தாலிக்கயிற்றோடு போராடின. நிறுத்த முடியாமல் மேளக்காரர்கள் மூச்சு வாங்கினார்கள்.

“நகரு லா அண்ணே!” என்று அவன் தங்கை கண்மணி கயிற்றை வாங்கி மூன்று முடிச்சையும் போட்டாள்.

“நான் உன்னைக் கட்டுனேனா, உன் தங்கச்சியையா?” என்று நித்தியா கேட்டாள். பவனேஷ் சிரித்தான். சிரிக்கும்போதும் அவனுக்குத் தோள் வலித்தது.