சொர்த்தீரு

எங்கள் பிரெஞ்சு வாத்தியார் இன்னாசிமுத்து முசே ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் எழுந்து நின்று, "ப்வீழ் சொர்த்தீர், முசே?" என்று கேட்க வேண்டும். வெளியே போகலாமா, ஐயா என்று அர்த்தம். கடைசி 'ர்' கத்தரித்த மாதிரி நிற்க வேண்டும். பாகூர்ப் பக்கத்து நாக்கு எங்கே நிற்கும்? ஒரு 'உ' போட்டால்தான் அதற்கு நிம்மதி. "சொர்த்தீரு" என்றால் மணி அடிக்கும்வரை முட்டி போட வேண்டும், அதுவும் அடக்கிக்கொண்டு. வகுப்பே "உ... உ..." என்று ஊளையிடும்.

அதனால் பதினாலு வயசுக் கழுதைகள் நாங்கள் எல்லாரும் பின் ஜன்னல் வழியாகக் குதித்துப் போனோம். கீழே ஆள் உயரப் பள்ளம், சப்பாத்திக்கள்ளி. கூட்டாளி சம்மந்தத்துக்குக் கால் பிசகியது, எனக்கு முழங்கை பெயர்ந்தது. பயமறியாத பசங்கள் என்றது ஊர். மண்ணாங்கட்டி! பயத்தில்தான் குதித்தோம். முசே பலகைப் பக்கம் திரும்பும்போது வாசல் வழியாக நைசாக நுழைந்துவிடுவோம்.

ஒருநாள் புதுச்சேரியிலிருந்து வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் வந்து வாசலோரம் உட்கார்ந்துவிட்டார். முசே பின்னால் ஜன்னலோரம் நின்றார். எனக்கோ முட்டிக்கொண்டு வந்தது. துரை முன்னால் நனைந்துபோனால் சுற்றுவட்டாரத்தில் எனக்குப் பெண் கிடைக்காது என்று நிஜமாகவே நம்பினேன். துரை நோட்டுகளில் குனிந்தார், முசே வியர்வை துடைத்தார். நான் குதித்தேன்.

வேலை முடிந்து திரும்பினால், தொப்பென்று இன்னொரு சத்தம். கள்ளிக்குள் கோட்டும் டையுமாக முசே!

"இன்னாடா பண்ற இங்க?"

"ஒண்ணுக்கு, முசே. நீங்க?"

"அதுக்குத்தாண்டா."

"தொரைகிட்ட கேட்டுட்டு வந்திருக்கலாமே?"

முசேயின் முகம் சுருங்கியது. "அவசரத்துல எனக்கும் அந்த 'உ' வந்துடும்டா, உத்திராபதி."

எட்டு மாசம் எங்களை முட்டி போட வைத்த மனுஷன்! ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. முழங்காலில் முள்ளோடு அவர் நின்ற நிற்பைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது.

அவர் முடித்துவிட்டு வந்ததும் இருவரும் வாசலுக்குப் போனோம். "நீ மொதல்ல போடா, நீ சின்னப் பையன்," என்று முசே என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தார். துரை நிமிர்ந்து பார்த்தார். உள்ளே வரலாமா என்று கேட்க வேண்டும். அதற்குப் பிரெஞ்சில் என்ன சொல்வது? எனக்குத் தெரிந்தது ஒரே வாக்கியம்.

"ப்வீழ் சொர்த்தீரு, முசே?" என்றேன், உரக்க.

வெளியே நின்றுகொண்டே வெளியே போகலாமா என்று கேட்கிறவனைத் துரை அதுவரை பார்த்ததில்லை போலும். வயிறு குலுங்கச் சிரித்தார். வகுப்பும் சிரித்தது. காது சூடேறியது, ஆனால் செத்துப்போகவில்லை. அந்தச் சிரிப்போடு முசே, "பொன்ழூரு, முசே!" என்று வணக்கம் வைத்து உள்ளே நழுவினார்.

போய் வா என்று துரை எனக்குக் கையைக் காட்டினார். போவதற்கு என்னிடம் ஒரு சொட்டும் இல்லை. ஆனாலும் எட்டு மாசத்தில் முதல்முறையாகக் கேட்டு வாங்கிய உத்தரவு அல்லவா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய், மரியாதைக்குக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.