விசாரித்து வாங்கிய குட்டி

லூயிசா எதையும் விசாரிக்காமல் வாங்குகிறவள் இல்லை. மயிலாப்பூர் பள்ளி ஒன்றில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவள். லாப்ரடார் குட்டி வளர்க்கலாம் என்று தோன்றியதும் அந்த இனத்தைப் பற்றி உட்கார்ந்து படித்தாள். இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும் என்று தெரிந்த பிறகு, தாய் தகப்பனின் எக்ஸ்ரேயைப் பார்க்காமல் குட்டியைத் தொடுவதில்லை என்று இருந்துவிட்டாள். கேட்ட இடத்தில் சிலர் சிரித்தார்கள், சிலர் போனை வைத்தார்கள். அடையாறில் நாய் வளர்த்து விற்கும் குருபிரசாத் மட்டும் கேட்பதற்கு முன்பே படங்களை எடுத்து நீட்டினான். அதையும் அவள் நம்பிவிடவில்லை. கால்நடை மருத்துவர் சகினாவிடம் கொண்டுபோய்க் காட்டி, இரண்டுக்கும் இடுப்பு நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகுதான் குட்டிக்குச் சொல்லிவைத்தாள்.

"நம்ம ஷெரிலுக்கு மாப்பிள்ளை பார்த்தப்பகூட இவ இவ்வளவு விசாரிக்கலை" என்று ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது ஆரோக்கியநாதன் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். மனைவியைக் கிண்டல் செய்வதில் அவருக்கு ஒரு சுகம். லூயிசாவுக்கோ உள்ளூரப் பெருமை.

ஒரு வயது நெருங்கும்போது குட்டி ரூபி பின்னங்கால் இரண்டையும் சேர்த்துவைத்து முயல் மாதிரி தாவ ஆரம்பித்தது. கடற்கரை மணலில் கொஞ்ச தூரம் போனதும் உட்கார்ந்துவிடும், இழுத்தாலும் எழாது. சகினா மயக்கம் கொடுத்துப் படம் எடுத்தார். தொடை எலும்பின் உருண்டை உட்கார வேண்டிய குழி, இரண்டு பக்கமும் தட்டையாக இருந்தது.

"அப்பா அம்மா படத்தை நீங்கதானே பார்த்தீங்க டாக்டர்?"

"பார்த்தேன். அதுல குறை இல்லைன்னு இப்பவும் சொல்வேன். அதுங்க இடுப்பு எப்படி இருக்குன்னுதான் படம் காட்டும். உள்ளுக்குள்ள எதைக் கடத்துதுன்னு காட்டாது. ஆபத்து குறையும்மா, இல்லாமப் போகாது."

இதைத்தான் அவள் வருஷக்கணக்காகக் கரும்பலகையில் பட்டாணிச் செடி வரைந்து நடத்தியிருந்தாள்.

கணவரிடம் மட்டும் சொன்னாள். "வெளிய யார்கிட்டயும் சொல்லிட்டிருக்காதீங்க" என்றாள். கோயிலில் யாராவது ரூபியைப் பற்றிக் கேட்டால், "நல்லா இருக்கா" என்று நகர்ந்துவிடுவாள்.

குருபிரசாதிடம் நேரில் போனாள். அவன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். முகம் சுண்டிப்போயிற்று. அது நடிப்பில்லை.

"திருப்பிக் கொடுத்துடுங்க மேடம். அடுத்த ஈத்துல வேற குட்டி தர்றேன்."

"இவளை என்ன செய்வீங்க?"

அவன் படத்தை உறையில் போட்டு நீட்டினான்.

"இவளைத் தர மாட்டேன். அதே ஜோடியை மறுபடி சேர்க்காதீங்க."

"சேர்த்தாச்சு மேடம். இப்ப சினையா இருக்கா."

"அப்ப வாங்க வர்றவங்ககிட்ட விஷயத்தைச் சொல்லிடுங்க."

"சொல்றேன்" என்றான்.

மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வரும்போது அஸ்வின் வழிமறித்தான். அவளுடைய பழைய மாணவன், இப்போது ஐ.டி.யில் வேலை. "மிஸ், இங்க வந்து பாருங்க" என்று காருக்குக் கூட்டிப்போனான். உள்ளே அவன் மனைவி ஜொவிட்டாவின் மடியில் கறுப்பாக ஒரு குட்டி சுருண்டு கிடந்தது.

"குருபிரசாத்கிட்ட வாங்கினோம். 'லூயிசா மேடம் டாக்டர்கிட்ட காட்டி விசாரிச்சு, இதே ஜோடியோட குட்டியைத்தான் வாங்கினாங்க'ன்னாரு. அதுக்கு மேல நாங்க என்னத்தை விசாரிக்கிறது மிஸ்?"

ஆரோக்கியநாதன் அவளைப் பார்த்தார். வாழ்த்திவிட்டு வந்திருக்கலாம். லூயிசா எல்லாவற்றையும் சொன்னாள்.

அஸ்வின் மடியில் கிடந்த குட்டியைத் திரும்பிப் பார்த்தான். "எப்ப தெரியும் உங்களுக்கு?"

"ஜூலையில."

"வாரா வாரம் கேட்டேனே மிஸ், ரூபி எப்படி இருக்குன்னு."

லூயிசா தலையைக் குனிந்துகொண்டாள். ஜொவிட்டா குட்டியின் இடுப்பை விரலால் மெல்லத் தடவினாள்.

"இதுக்கும் வருமா?"

"வரலாம். வராமலும் போகலாம்."

ஜொவிட்டா கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

வீட்டுக்கு வந்த கையோடு லூயிசா குருபிரசாதுக்குப் போன் போட்டாள். அவன் சத்தம் போடவில்லை.

"நான் என்ன பொய் சொன்னேன் மேடம்? நீங்க விசாரிச்சது நிஜம், டாக்டர் பார்த்தது நிஜம், வாங்கினதும் நிஜம். மத்ததை நீங்களே வெளிய சொல்லலையே."

மூன்று வாரம் கழித்து மகள் ஷெரில் வந்திருந்தபோது பேச்சுவாக்கில் சொன்னாள், அஸ்வின் வீட்டில் குட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். லூயிசா அப்போதே ஆட்டோ பிடித்து அடையாறுக்குப் போனாள். அந்தக் குட்டியைத் தானே வாங்கிக்கொள்வதென்று வழியிலேயே முடிவு செய்திருந்தாள்.

குருபிரசாத் கேட்டைப் பாதிதான் திறந்தான்.

"அது வந்த மறுநாளே போயிடுச்சு மேடம்."

"யாருக்கு?"

"நல்ல குடும்பம்தான்."

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"அவங்க ஒண்ணும் கேட்கலை மேடம்" என்றான் அவன்.