புகார் சார் லினக்ஸ் சார் ஆனது

லிஃப்டில் மாட்டிக்கொண்டவருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் கடவுள். அவர் எடுக்காவிட்டால் அடுத்த அழைப்பு புகார் சாருக்குத்தான். லிஃப்ட் பராமரிக்கும் அந்த நிறுவனத்தின் கீழ்த்தளத்தில், வாசலை ஒட்டிய மேசையில், காதில் ஒரு போனும் கையில் ஒரு போனுமாக அவர் உட்கார ஆரம்பித்து வருஷம் பல ஓடிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் புகார் சார்.

எதிர்முனையில் இருப்பவர் அழுதாலும், திட்டினாலும், பரம்பரையையே இழுத்தாலும் அவரிடம் ஒரே பதில்தான் உண்டு. "பதிவு பண்ணிக்கிட்டேன்." அந்தச் சொல் செருப்பில் ஒட்டிய தார் மாதிரி வீடு வரைக்கும் வந்துவிட்டது. கேஸ் தீர்ந்துபோச்சு என்று மனைவி சொன்னாலும் பதிவு பண்ணிக்கிட்டேன் என்பார். கேஸ் மட்டும் வராது.

அவருடைய ஆசையெல்லாம் மாடியில் இருந்தது. அங்கே கணினி அறை. கண்ணாடிக் கதவு, சுழல் நாற்காலி, ஏசி. அங்கே இருந்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டதால் நாற்காலி காலி. அந்த அறையில் யாரும் கத்த மாட்டார்கள். கத்தினாலும் கண்ணாடிக்கு வெளியே வாய் அசைவது மட்டும்தான் தெரியும். மீன்தொட்டியைப் பார்க்கிற மாதிரி இருக்கும் என்று புகார் சார் பலமுறை கற்பனை செய்திருக்கிறார்.

இந்த நிலையில்தான் தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பழைய கணினிகளுக்குப் பதில் புதியவை கிடையாது, எல்லாவற்றிலும் விண்டோஸை எடுத்துவிட்டு இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டு ஓட்ட வேண்டும், ஆய்வுக்கு ஆள் வரும்.

மேனேஜர் கூட்டம் போட்டார். "இங்க யாருக்காவது லினக்ஸ் தெரியுமா?"

எல்லோரும் மேலே மின்விசிறியைப் பார்த்தார்கள். புகார் சாரின் கை தானாக உயர்ந்தது. அவருக்குத் தெரிந்த லினக்ஸ் இவ்வளவுதான்: மனைவியின் தம்பி வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதைப் பற்றியே பேசுவான்.

"நீங்களா?" என்று மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். "சரி. முதல்ல உங்க வீட்டு மெஷின்ல போட்டு எடுத்துட்டு வந்து காட்டுங்க. ஒழுங்கா ஓடினா மாடி நாற்காலி உங்களுக்கு. ஓடலைன்னா இந்தப் பேச்சையே விட்டுடணும்."

வீட்டு மெஷின் என்பது மனைவியின் மடிக்கணினி. அந்த அம்மாள் வாஷிங் மெஷின், வாட்டர் ஹீட்டர் போன்றவற்றின் கையேடுகளை வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பவர். கையேட்டை உலகத்தில் யாருமே படிப்பதில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும், கட்டியவரே சாட்சி. மடிக்கணினிக்கு மூடி நிற்காது, பின்னால் ஒரு செங்கல் முட்டுக்கொடுத்திருந்தது. பாட்டரி செத்து வெகுகாலம். ஆன் செய்துவிட்டுக் குளிக்கப் போனால், தலை துவட்டி வரும்போது பாதி விழித்திருக்கும். புதிது வாங்க வேண்டும் என்று அவர் கேட்டு, அதுவும் பதிவாகியிருந்தது.

மைத்துனன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். கையில் பென் டிரைவ், கண்ணில் ஒரு ஒளி.

"மச்சான், லினக்ஸ்னா வெறும் சாஃப்ட்வேர்னு நினைக்காதீங்க. அது விடுதலை!"

"விடுதலை இருக்கட்டும்டா," என்றார் அக்கா, சமையலறையிலிருந்து. "பிரிண்டர் வேலை செய்யுமா?"

"செய்யும்கா. ஒரு சின்ன கமாண்ட் அடிச்சா போதும்."

"எவ்வளவு சின்னது?"

"ஒரு... ரெண்டு பக்கம் வரும்."

அவன் அவசரமாகப் பேச்சை மாற்றினான். "மச்சான், முதல்ல அக்காவோட ஃபைல் எல்லாத்தையும் வெளிய ஒரு டிஸ்க்ல காப்பி எடுத்துடுங்க. எடுத்ததும் வயரைப் பிடுங்கிடுங்க. அதை மட்டும் மறந்துடாதீங்க. அப்புறம் பென் டிரைவைச் செருகினா அது கேக்குற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிட்டே போங்க." பழைய மெஷினுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று தன் சாமான் டப்பாவிலிருந்து ஒரு மெமரி துண்டையும் கொடுத்துவிட்டு, விடுதலைப் போராட்டம் தொடர்பாக வேறு ஒரு வீட்டுக்குக் கிளம்பினான்.

புகார் சார் எதையும் முறையாகச் செய்கிறவர். வாடகை வீட்டைக் காலி செய்யும்போது கூட்டிப் பெருக்கிவிட்டுத்தான் சாவி கொடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. எப்படியும் அழிக்கப் போகிற விண்டோஸையும் அப்படியே சுத்தம் செய்தார். மெஷினை வேகமாக்குவதற்கென்று காலப்போக்கில் அவரே இறக்கி வைத்திருந்த மென்பொருள்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு கிடந்தன. வேகமூட்டி, அதிவேகமூட்டி, வேகமூட்டிகளைக் கண்காணிக்கும் மூட்டி. எல்லாவற்றையும் ஒழித்தார். அடிமூடியைக் கழற்றி, ஃபேனில் தலையணைப் பஞ்சு மாதிரி அடைந்திருந்த தூசியைத் தூரிகையால் எடுத்தார். மெமரி துண்டைச் செருகினார். மனைவியின் ஃபைல்களை, வயரில் செருகும் வெளி டிஸ்கான ஒரு கறுப்புப் பெட்டிக்குக் காப்பி எடுத்தார். வயரை மட்டும் பிடுங்கவில்லை. காப்பு என்று ஒன்று இருந்தால் ஆபத்து நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டாமா என்பது அவர் வாதம்.

மெஷினின் ஆரம்ப அமைப்பில் போய், வெளியே செருகியிருப்பதை முதலில் எழுப்பு என்று மாற்றினார். பென் டிரைவ் எழுந்தது. ஊர், மொழி, பெயர் எல்லாம் கேட்டது. கடைசியில், எந்த டிஸ்கை அழித்துவிட்டு உட்காரட்டும் என்று கேட்டு இரண்டைக் காட்டியது.

புகார் சார் யோசிக்கவே இல்லை. ஒரே கட்டடத்திலிருந்து இரண்டு புகார் பதிவாகியிருந்தால் பின்னதுதான் செல்லும், முன்னதை மூடிவிட வேண்டும் என்பது அலுவலக விதி. அந்த விதியிலேயே ஊறிய விரல் இரண்டாவதைத் தொட்டது. இரண்டாவது, கறுப்புப் பெட்டி.

காப்பெல்லாம் அழிந்து, லினக்ஸ் அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. மடிக்கணினியின் உள்ளே விண்டோஸ், தலைமுடி கலையாமல் அப்படியே இருந்தது.

இது அவருக்கு எப்படித் தெரியும்? பென் டிரைவை உருவிவிட்டு மறுபடி ஆன் செய்தார். கறுப்புப் பெட்டியிலிருந்து லினக்ஸ் எழுந்து வந்தது. ஓரத்தில் இன்னொரு டிஸ்க் தெரிந்தது. திறந்தால் மனைவியின் ஃபைல்கள் ஒன்று குறையாமல் இருந்தன.

"பாரு, உன் ஃபைல் எல்லாம் கறுப்புப் பெட்டியில பத்திரமா இருக்கு! எதுக்கும் அதைச் செருகியே வை."

"ஏங்க, நல்லா பாத்துட்டீங்களா?"

"பார்க்காம சொல்வேனா? லினக்ஸ்ல பார்க்குறதுக்கு ஒண்ணுமே இல்லை. இனிமே இந்த மெஷினை நானே தொடப் போறதில்லை, அவ்வளவு நம்பிக்கை!"

அந்த அம்மாள் காதில் அந்தக் கடைசி வாக்கியம் தேனாகப் பாய்ந்தது.

மறுநாள் மனைவி வேலைக்கு உட்கார்ந்தபோது மௌஸ் செருக இடமில்லை. கறுப்புப் பெட்டியின் வயரை உருவிவிட்டு ஆன் செய்தார். பழைய திரை, பழைய ஃபைல், பழைய பிரிண்டர். காபி டம்ளரை வாயில் வைப்பதற்குள் தயாராகிவிட்டது. ஒரு கணம் யோசித்தார். பிறகு சிரித்துக்கொண்டே வாட்டர் ஹீட்டருக்குள் மூழ்கினார். கணவர் வரும் நேரத்துக்கு மெஷினை அணைத்து, வயரைத் திரும்பச் செருகி வைப்பார். அவர் வந்து, கறுப்புத் திரையில் ஏதாவது கட்டளை அடித்து, வெள்ளை எழுத்துகள் ஓடுவதைக் கண் குளிரப் பார்ப்பார்.

அலுவலகத்தில் காட்ட வேண்டிய நாள் வந்தது. மடிக்கணினியைப் பையில் வைத்து, செங்கல்லையும் வைத்துக் கிளம்பினார்.

"ஏங்க, அந்தக் கறுப்புப் பெட்டியையும் எடுத்துட்டுப் போங்க."

"அது உன் ஃபைலு. எனக்கு எதுக்கு?"

"இல்லங்க, அதுலதான்..."

"பதிவு பண்ணிக்கிட்டேன்," என்று செருப்பை மாட்டினார்.

மேனேஜர் அறையில் மேனேஜர், கணக்கு அம்மா, ஸ்டோர்காரர் மூவரும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். புகார் சார் செங்கல்லை முட்டுக்கொடுத்தார். லினக்ஸ் என்பது வெறும் மென்பொருள் அல்ல, விடுதலை என்று முன்னுரை கொடுத்தார். பட்டனை அழுத்தினார்.

விண்டோஸ் வந்தது.

அவருக்குள் ஒரு லிஃப்ட் அறுந்து விழுந்தது. எந்தப் பெட்டி எது என்பதும், அந்த விரல் தொட்டது எதை என்பதும், மனைவி காலையில் எதைச் சொல்ல வந்தார் என்பதும் ஒன்றன்பின் ஒன்றாக உறைத்தன.

"அடடா!" என்றார் ஸ்டோர்காரர். "அச்சு அசலா விண்டோஸ் மாதிரியே இருக்கே!"

"எவ்வளவு சீக்கிரம் வந்துடுச்சு பாருங்க," என்றார் கணக்கு அம்மா. "நம்ம விண்டோஸ் வர்றதுக்குள்ள நான் ஒரு தூக்கம் போட்டுடுவேன்."

புகார் சார் நேர்மையானவர். "சார், இது... விண்டோஸ்தான்."

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். "பார்த்தீங்களா தன்னடக்கத்தை! போட்டவரே கண்டுபிடிக்க முடியாத மாதிரி போட்டிருக்காரு."

"இல்ல சார், சத்தியமா. தப்பு நடந்துபோச்சு."

மற்ற இருவரையும் அனுப்பிவிட்டு மேனேஜர் கதவைச் சாத்தினார். குரல் இறங்கியது. "யோவ், எத்தனை தடவைய்யா சொல்லுவ? மேல கேட்டா லினக்ஸ்னு எழுதிடலாம். கீழ கேட்டா விண்டோஸ்னு சொல்லிடலாம். ஒருத்தனும் சண்டைக்கு வரமாட்டான். இதைவிட நல்ல லினக்ஸ் எவன்யா போட முடியும்? இதே மாதிரி எல்லா மெஷினையும் மாத்திடு. மாடி நாற்காலி உனக்குத்தான்."

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டார். "உனக்கு எப்பத்துலருந்து தெரியும்?"

"மறுநாளே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொல்லத்தானே காலையில வாயைத் திறந்தேன். பதிவு பண்ணிட்டுப் போயிட்டீங்க."

"அப்புறம் எப்படி இவ்வளவு வேகமா ஓடுது?"

"நீங்க வேகமாக்கறதுக்குப் போட்டதையெல்லாம் நீங்களே எடுத்துட்டீங்கள்ல," என்றார் மனைவி. "இப்போ அதுக்கு விடுதலை கிடைச்சுடுச்சு. புது மெஷினே வேணாம். நீங்க இதைத் தொடாம இருந்தா போதும்."

புகார் சார் அலுவலகத்து மெஷின்களை ஒவ்வொன்றாக மாடிக்குக் கொண்டுபோனார். தூசியை எடுத்தார், வேண்டாதவற்றை ஒழித்தார், மூடியில் லினக்ஸின் சின்னமான பென்குயின் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிக் கீழே அனுப்பினார். லினக்ஸ் பிரமாதம் என்று ஆபீஸே பேசியது. புகார் சார் என்ற பெயர் போய் லினக்ஸ் சார் என்ற பெயர் வந்தது.

ஆனால் மனசாட்சி கண்ணாடிக் கதவைத் தாண்டியும் உள்ளே வந்தது. ஒரு மெஷினாவது உண்மையாக இருக்கட்டும் என்று வீட்டிலிருந்து கறுப்புப் பெட்டியை எடுத்துவந்து தன் மேசைக் கணினியில் செருகினார். செய்த பாவத்துக்குப் பரிகாரமாக ஆரம்பித்தது, போகப் போகப் பிடித்துவிட்டது. அது நடுவில் குறுக்கிட்டு எதையும் வாங்கச் சொல்லவில்லை. கேட்டால் பதில் சொன்னது, கேட்காவிட்டால் பேசாமல் இருந்தது. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் கத்தலைக் கேட்டவருக்கு, எதிரே உட்கார்ந்தும் கத்தாத ஒன்று கிடைத்தது. மைத்துனனைக் கேட்டுக் கேட்டு பிரிண்டரைக்கூட ஓடவைத்துவிட்டார். அதற்கான கமாண்ட் உண்மையிலேயே ஒரு பக்கம்தான் ஆயிற்று.

ஆய்வு அதிகாரி ஒரு அம்மாள். கையில் அட்டை, அட்டையில் படிவம். கீழ்த்தளத்தில் ஒவ்வொரு மெஷினாகப் பார்த்து, பென்குயினைத் தடவி, திருப்தியாக டிக் அடித்தபடி மாடி ஏறினார். லிஃப்ட் நிறுவனத்தின் லிஃப்ட் வேலை செய்யாததால் மூச்சு வாங்கியது. பின்னாலேயே மேனேஜர்.

லினக்ஸ் சாரின் திரையைப் பார்த்ததும் அம்மாளின் பேனா நின்றது.

"இது என்ன? கீழ பார்த்த மாதிரி இல்லையே?"

"இது லினக்ஸ், மேடம்," என்றார் அவர். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"நான் காலையிலருந்து எத்தனை லினக்ஸ் பார்த்துட்டு வரேன். எனக்கே சொல்றீங்களா? எல்லாரையும் மாத்தச் சொல்லிட்டு, மாத்தறவரே மாறலைன்னா எப்படி?" மேனேஜர் பக்கம் திரும்பினார். "மாறாத மெஷின் ஒண்ணுன்னு எழுதட்டுமா?"

மேனேஜர் லினக்ஸ் சாரைப் பார்த்தார். பிறகு நிதானமாக, கீழே இறங்கும் படிக்கட்டைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கீழே போன் அடித்தது. எங்கேயோ யாரோ மாட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

லினக்ஸ் சாரின் நாற்காலி லேசாகச் சுழன்றது.

"ஒரு நிமிஷம், மேடம்."

எல்லாவற்றையும் மூடி, மெஷினை அணைத்து, வயரைப் பிடுங்கினார். மறுபடி ஆன் செய்தார். பழைய திரை எழுந்து, பழைய ஓசை எழுப்பி வணக்கம் சொன்னது.

"ஹாங்!" என்றார் அதிகாரி அம்மாள், பேனாவை எடுத்து. "இதுதான் லினக்ஸ். இப்படியே வெச்சுக்குங்க."

"பதிவு பண்ணிக்கிட்டேன், மேடம்."

அவர்கள் போனபின் கறுப்புப் பெட்டியை எடுத்து இழுப்பறையில் வைத்தார். கையில் இன்னும் சூடு இருந்தது. கீழே போன் அடித்துக்கொண்டே இருந்தது; வேறு யாரோ எடுத்தார்கள்.